நான்கு ஃபைல்களும் ஒரு மூச்சும்

எங்கள் ஊரில் "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்றால் அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம் வீங்கும் அடினாய்டும் சதைதான். எல்லோருக்கும் பிறவியிலேயே மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் டர்பினேட் தடித்துப்போனால் அதுவும் சதைதான். மூக்குத்தண்டு உள்ளே வளைந்திருந்தால்கூடச் சிலர் சதை என்றே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இருந்தது இவை எதுவும் இல்லை, பாலிப். சைனஸ் அறைகளின் உட்தோல் பல வருட அழற்சியில் வீங்கி, நீர் கோத்து, தோலுரித்த திராட்சைபோல மூக்குக்குள் இறங்கித் தொங்குவது. தொட்டால் வலிக்காது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் வேறு ஏதாவதாக இருக்குமோ என்று துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பழைய மருத்துவத்துக்கும் இது தெரியும். ஆயுர்வேத நூல்கள் இதை நாசார்சஸ் என்கின்றன. மூக்கில் வரும் மூலம் என்று பொருள். இதை வீட்டில் சொன்னபோது என் மாமியார் சிரித்த சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. சதை என்றதும் அறுத்து எடுத்தால் தீர்ந்தது என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. வளர்ந்தது வேண்டாத ஒன்று, எடுத்தாகிவிட்டது, இனிப் போய் வேலையைப் பார். பாலிப் அப்படிப்பட்டது இல்லை. மூக்கு நுனியில் தொடங்கி நுரையீரலின் கடைசிக் கிளைவரை போகும் ஒரே காற்றுவழியின் நோய், வெளியே தெரியும் இடத்தில் காட்டும் முகம் அது. இது எனக்குப் புரிய ஒன்பது வருடமும் இரண்டு அறுவை சிகிச்சையும் ஒரு ஐசியு இரவும் ஆயின.

சிங்காநல்லூரில் மூச்சு வாங்குவது யாரையும் திடுக்கிட வைக்காது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் என்று வரிசையாகச் சங்கு ஊத ஆரம்பித்தது. எங்கள் அம்மா இருபத்திரண்டு வருடம் ரீலிங்கில் நின்றவர். மில்லில் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த வேலை அது. தூசி அதிகம் பறப்பது ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான், ரீலிங்கில் என்ன இருக்கிறது என்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்தால் தலையில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு. லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். வாரம் போகப் போகச் சரியாகிவிடும். பைசினோசிஸ் என்ற பஞ்சுத்தூசி நோய்க்கு மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் முதல் அடையாளமே இதுதான். தொழில்நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருப்பது. அம்மாவிடம் இஎஸ்ஐ அட்டை இருந்தது, நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனாலும் அவரை ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி அளந்து பார்த்தவர் எவரும் இல்லை. "மில்லுக்காரிக்கு இருமல் இல்லாம இருக்குமா?" என்பதோடு முடிந்தது.

ஆகவே எனக்கு இருபத்தொன்பது வயதில் வீசிங் வந்தபோது அதற்கும் பதில் தயாராக இருந்தது. "உங்கம்மா வாகு கண்ணு." நான் ஒரு நாளும் மில்லுக்குள் போனவள் இல்லை. பம்புசெட் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். வாகு என்ற சொல்லுக்குமுன் கேள்விகள் எல்லாம் நின்றுபோய்விடுகின்றன.

இன்ஹேலர் கொடுத்தார்கள். அதை மறைத்து வைக்கச் சொன்னது என் அம்மாவேதான். தங்கைக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு இழுப்பு என்றால் தங்கையின் ஜாதகம் எங்கும் நகராது. கல்யாண மண்டபங்களில் கழிவறைக்குள் நின்று இழுத்திருக்கிறேன். இழுத்துவிட்டு வெளியே வந்து பன்னீர் தெளிக்கும் இடத்தில் நின்றிருக்கிறேன். அது ஒரு பழக்கமாகிவிடும், கர்ப்பப்பையைச் சுடும் என்றெல்லாம் சொல்லாத ஆள் இல்லை. இரண்டும் பொய். உறிஞ்சும் மருந்தில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. அதைப் பயந்து நிறுத்திவிட்டுப் பிறகு மூச்சு திணறி விழுங்கும் பிரெட்னிசலோன் மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு.

அடுத்து வாசனை போனது. ஒரே நாளில் போகவில்லை. ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. பாலிப் தொங்கும் இடம் அப்படி. காற்று மேலே ஏறி வாசனை நரம்புகள் இருக்கும் கூரையைத் தொட வழியில்லை, தொட்டாலும் அந்தத் தோலே அழற்சியில் இருக்கிறது. எனக்கு முதலில் தெரியவில்லை. என் சமையலுக்குத் தெரிந்தது. அரிசிம்பருப்புச் சாதத்தில் சீரகம் கருகியது தெரியாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கெட்டுப்போன தேங்காயை அரைத்திருக்கிறேன். "கை போயிருச்சு" என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கை போய்விட்டது என்றால் அது வீட்டுக்கு நோய். மூக்கு போனது அவளுக்கு மட்டும்தான். இரண்டில் எதற்கு அந்த வீடு பதறும் என்று வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகளின் தலை எனக்கு வாசனையில்லாமல் ஆனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த ஃபார்மிலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

ஒருநாள் கேஸ் அடுப்பு அணைந்து, குழாய் திறந்தபடியே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டக்கா கதவைத் தட்டித்தான் தெரிந்தது. அதன்பிறகே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். (2020-இல் கொரோனா வந்து உலகமே வாசனையைத் தொலைத்தபோது, காபித்தூளை மோந்து பார்க்கச் சொல்லி எல்லோரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.)

2016-இல் முதல் அறுவை சிகிச்சை. அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எண்டோஸ்கோப்பை மூக்குத் துளை வழியாகவே விட்டு, வெளியே கத்தி படாமல் செய்யும் முறை அது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கரும் ஸ்டாம்பர்கரும் வளர்த்தெடுத்து, 1980-களில் உலகமெங்கும் போனது. ஒரு பக்கம் கண், மேலே காகிதம்போல மெல்லிய எலும்பு, அதற்குமேல் மூளை. கவனமான வேலை, நன்றாகவே செய்தார்கள். நான்காம் நாள் பஞ்சை எடுத்ததும் வந்த காற்று இருக்கிறதே, இருபது வருடமாகப் பூட்டியிருந்த வீட்டின் ஜன்னல்களைத் திறந்துவிட்ட மாதிரி. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்து "சரியாப் போச்சும்மா" என்றார்கள். வீசிங்கைப் பற்றிக் கேட்டதற்கு, அதற்கு நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். நெஞ்சு டாக்டர் வேறு ஆஸ்பத்திரி. அவர் என் மூக்குக்குள் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. பதினான்கு மாதத்தில் சதை திரும்ப வந்தது.

அதன்பின் ஸ்டீராய்டு காலம். அடைக்கும்போதெல்லாம் ஐந்து நாள், ஏழு நாள் என்று பிரெட்னிசலோன். அந்த ஐந்து நாளும் சொர்க்கம்: வாசனை வரும், தூக்கம் வராவிட்டாலும் உற்சாகமாக இருக்கும், ராத்திரி பதினொன்றுக்குப் பரண் சுத்தம் செய்வேன். நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி. முகம் உருண்டது. "வீட்டுக்காரர் நல்லாக் கவனிச்சுக்கறாராட்ட இருக்குது" என்று பட்டறையில் சொன்னார்கள். சர்க்கரை ஏறியது. சர்க்கரைக்கு இன்னொரு டாக்டர், இன்னொரு ஃபைல். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்து, சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களின் மூக்கையும் கண்ணையும் அரித்த செய்திகளைப் படித்தபோது, என் அலமாரியில் இருந்த பழைய மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று ஃபைல் ஆயிற்று. நான்காவது ஃபைல் எல்லாவற்றுக்கும் முந்தியது, யாருமே நோயாகக் கணக்கில் எடுக்காதது. மாதவிடாய் வலி. முப்பதைத் தாண்டியபின் அது குறையவில்லை, கூடியது. கடையில் போய் "வயித்துவலிக்கு" என்றாலே பையன் கண் நிமிராமல் ஒரு அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவான். மெஃபனமிக் அமிலமும் வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. நம்மில் எத்தனை பேர் கைப்பையில் அது இருக்கிறது! பள்ளிக்கூட டீச்சர் மேசையில் இருக்கிறது. மில் ஹாஸ்டல்களில் வார்டன் கையில் இருக்கிறது. வலிக்குது என்று ஒரு நாள் லீவு கேட்க முடியாத இடங்களிலெல்லாம் அது இருக்கிறது.

2018 மார்ச், வருடக் கணக்கு முடிக்கும் வாரம். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு மாத்திரை போட்டேன். ஏழரைக்குள் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டி, முகம் சிவந்து, இன்ஹேலர் எத்தனை முறை அடித்தும் நெஞ்சு திறக்கவில்லை. ஆட்டோவில் திருச்சி ரோட்டைத் தாண்டியது வரை நினைவிருக்கிறது. இரண்டு நாள் ஐசியு. அந்த மருத்துவமனையின் சீட்டில் எழுதியிருந்தது: கடுமையான ஆஸ்துமா, காரணம் தூசியாக இருக்கலாம். மார்ச் மாதத்தில் வீடு துடைத்தாயா, ஒட்டடை அடித்தாயா என்று கேட்டார்கள். என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சர்க்கரை மாத்திரையையும் மூச்சு மாத்திரையையும் சொல்லியிருப்பேன். மாதவிடாய் மாத்திரையை மாத்திரை என்று சொல்ல எங்களை யாரும் வளர்க்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு வருடம் கழித்து, வேறொரு மருத்துவமனையில், மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண். புற நோயாளிகள் பிரிவில் பெரிய டாக்டர் வருவதற்குமுன் விவரம் எழுதும் வேலை அவருக்கு. பாலிப் என்று எழுதினார், ஆஸ்துமா என்று எழுதினார், பேனாவை நிறுத்திவிட்டு, "அக்கா, பீரியட்ஸ் வலிக்கு என்ன மாத்திரை போடுவீங்க?" என்றார். போட்டபின் எவ்வளவு நேரத்தில் என்ன ஆகும் என்றார். நான் சொல்லச் சொல்ல, சீட்டின் மேல்மூலையில் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை 1922-இலேயே பிரான்சின் ஃபெர்னான்ட் விடால் எழுதிவிட்டார். 1968-இல் மேக்ஸ் சாம்டர் விரிவாக எழுதியபின் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பாலிப்பும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். வழக்கமாக இளம் வயதுக்குப்பின், முப்பதுகளை ஒட்டித் தொடங்கும். பாலிப் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஆனால் வந்த பெண்களிடம் ஆஸ்துமாவும் இந்த ஒவ்வாமையும் கூடச் சேர்ந்து நோய் கடுமையாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எப்படி நடக்கிறது என்று அந்த மருத்துவர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். நம் உடல் ஒரே மூலப்பொருளிலிருந்து இரண்டு பாதையில் சரக்கு செய்கிறது. ஒரு பாதையில் புரோஸ்டாகிளாண்டின்கள், மறு பாதையில் லூக்கோட்ரையீன்கள். மாதவிடாயின்போது கருப்பையைப் பிசைவது முதல் பாதையின் சரக்கு. மெஃபனமிக், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் அந்தப் பாதையை அடைக்கின்றன, அதனால் வலி நிற்கிறது. என்னைப் போன்றவர்களின் காற்றுவழியில், அந்த முதல் பாதையின் சரக்கில் ஒன்றுதான் இரண்டாம் பாதைக்குப் பிரேக். மாத்திரை பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. லூக்கோட்ரையீன் கொட்டி, மூக்கு ஒழுகி, மூச்சுக்குழல் இறுகுகிறது. கருப்பையில் எனக்கு எதிரி, நெஞ்சில் எனக்குக் காவல். ஒரு டாக்டரின் அறையில் இருந்துகொண்டு இன்னொரு டாக்டரின் அறையில் நடப்பதைப் பார்க்காவிட்டால் இது தெரியவே தெரியாது.

மெஃபனமிக் அமிலம் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. வேறொரு வகை ஒவ்வாமைக்காக 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் அதைக் குறித்து எச்சரித்தபோது ஒரு வாரம் எல்லோரும் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். என் மகளுக்கு ஆஸ்துமாவும் இல்லை, பாலிப்பும் இல்லை. வலி தாங்காத நாளில் அவளுக்கு நானே வாங்கித் தருகிறேன். வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் தாயாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

இனி அந்த நான்கு ஃபைல்கள். ஒருங்கிணைந்த சிகிச்சை என்று இப்போது பெயர்ப்பலகைகளில் பார்க்கிறேன். எல்லா மருத்துவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள் என்று படம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது நடந்த விதம் வேறு. நடந்தது என் கால்கள். மூன்றாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும், ஒரு ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்றுக்கும். சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டதால் எனக்கு இஎஸ்ஐயும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் தனித்தனி ஃபீஸ். ஒரு கட்டத்தில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு நீளக் கணக்கு நோட்டில் பேரேடு போட்டேன். தேதி, மருந்து, அளவு, எழுதியவர், அதற்குப்பின் என்ன ஆனது. கடைசிப் பத்தியைக் கூட்டினால் நான்கு வருடத்தில் பதினொரு முறை பிரெட்னிசலோன். எழுதிக் கொடுத்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் தான் எழுதிய இரண்டோ மூன்றோதான் தெரியும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த சர்க்கரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் எதிரிலேயே மூக்கு டாக்டருக்குப் போன் போட்டார். எலும்பின் அடர்த்தியை அளக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

2019-இல் இரண்டாவது அறுவை சிகிச்சை. அதே எண்டோஸ்கோப், அதே மூக்கு. மாறியது சுற்றியிருந்த எல்லாம். நுரையீரல் மருத்துவர் முதலில் ஆறு வாரம் இன்ஹேலரை ஒழுங்குபடுத்தி ஊதவைத்து அளந்தார், மாண்டெலுகாஸ்ட் சேர்த்தார். மயக்க மருந்து கொடுப்பவர் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, வலிக்கு எது கொடுக்கலாம், எது கூடாது என்று நர்ஸ்கள் பார்க்கும்படி கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். ஒவ்வாமைச் சோதனையில் வீட்டுத்தூசிப் பூச்சி தெரிந்தது. ரத்தத்தில் இயோசினோஃபில் அளவுக்குமேல். எடுத்த சதையையும் பூஞ்சை இருக்கிறதா என்று அனுப்பிப் பார்த்தார்கள். இந்த முறை அறைகளை நன்றாக அகலத் திறந்துவிட்டார்கள், காற்றுக்காக மட்டும் இல்லை, பிறகு ஊற்றும் மருந்து உள்ளே போய்ச் சேர. தினமும் காலையில் கொதித்து ஆறிய உப்புநீரில் புடசோனைடு கலந்து ஒரு துளையில் பீய்ச்சி மறு துளையில் விடுகிறேன். பச்சைத் தண்ணீர் கூடாது. அபூர்வமாக என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகப் போகும்.

மகப்பேறு மருத்துவரிடம் என்னை அனுப்பியதும் மூக்கு டாக்டர்தான். வலி மாத்திரை போட முடியாதென்றால் வலி எதனால் என்று பார்த்தாக வேண்டுமல்லவா. ஸ்கேனில் அடினோமையோசிஸ். கருப்பையின் உட்தோல் அதன் தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது. பதின்மூன்று வருடம் "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்று இருந்ததற்கு ஒரு பெயர். ஹார்மோன் வைத்த காப்பர்-டி மாதிரியான ஒன்றைப் பொருத்தினார்கள். நான்காவது மாதத்திலிருந்து பாராசிட்டமாலே போதுமானதாக இருக்கிறது.

எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வாமை மருத்துவர், ஆஸ்பிரினையே துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் வைத்து, மூச்சை அளந்துகொண்டே செய்வது. பழகியபின் ஆயுளுக்கும் தினமும் ஆஸ்பிரின் போட வேண்டும், விட்டால் பழக்கம் போய்விடும். பாலிப் திரும்ப வருவதை அது தள்ளிப்போடும். மகப்பேறு மருத்துவர் கூடாது என்றார். ஏற்கெனவே ரத்தப்போக்கில் ஹீமோகுளோபின் எட்டுக்கு வந்தவள், தினம் ஆஸ்பிரினா? இருவர் சொன்னதும் சரி. அவரவர் உறுப்புக்குச் சரி. இருவரும் அரை மணி நேரம் பேசி, முடிவை என்னிடம் விட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், மாதவிடாய் நின்றபின் பார்க்கலாம் என்று. இத்தனை வருடத்தில் மருத்துவமனை ஒன்றில் என் உடலைப் பற்றி என்னிடம் கேட்டு எழுதிய முதல் வாக்கியம் அது.

புதிதாக ஊசிகள் வந்திருக்கின்றன. அழற்சியின் குறிப்பிட்ட கண்ணியை மட்டும் தடுப்பவை. டுபிலுமாப் என்பதை அமெரிக்காவில் 2019-இல் பாலிப்புக்கென்றே அனுமதித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒமலிசுமாபும் மெபோலிசுமாபும். இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை, தொடர்ந்து. மூக்கையும் நெஞ்சையும் சேர்த்தே பார்க்கும் மருந்துகள். விலையைக் கேட்டேன். ஒரு ஊசி என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வீட்டில் இதைப் பேச்சுக்குச் சொன்னபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் மாமனாருக்கு முழங்கால் மாற்ற நகையை வைத்திருந்தோம். அதை வைக்கலாமா என்று யாரும் அப்போது கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

வாசனை முழுக்கத் திரும்பவில்லை. முதலில் வந்தது மல்லிகையோ மகளின் தலையோ இல்லை. பஸ்ஸில் குளத்தேரி ஓரம் போகும்போது அடித்த சாக்கடை நாற்றம். நொய்யல் தண்ணீர் வந்து சேரும் சிங்காநல்லூர் குளத்துக்கு அந்த வாசம் எப்போதும் உண்டு. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஜன்னலைத் திறந்தேன். பிறகு பெருங்காயம், பிறகு பெட்ரோல். கருகல் வாசனை இன்னும் பிடிபடுவதில்லை. அடுப்படியில் கேஸ் கசிந்தால் கத்தும் கருவியொன்று மாட்டியிருக்கிறோம்.

போன மாதம் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்ததில் வலது பக்கம் மேலே, பச்சரிசி அளவில் ஒன்று தெரிகிறதாம். இப்போதைக்கு ஊற்றும் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை நுரையீரல் மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், முழு நாள் ஆகும். முதல் இரண்டு முறையும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது என் சித்தியும் தங்கையும். இந்த முறை தானே லீவு போட்டு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.